பள்ளியைப் பாதியில் விட்டால் எடுசேவ் பணம் போய்விடுமா?

உயர்நிலைப் பள்ளியைப் பாதியிலேயே விட்டாச்சு. எடுசேவ் பணமும் போச்சா?

போகாது.

பணம் எங்கே இருக்கும்?
7 முதல் 16 வயது வரையுள்ள சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் எடுசேவ் பணம் கிடைக்கிறது. தொடக்கநிலையில் 230 வெள்ளி, உயர்நிலையில் 290 வெள்ளி. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கும் உண்டு. செலவாகாத தொகை பிறகு உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறும். அதற்கு 2.5 விழுக்காடு வட்டியும் சேரும்.

எதற்குப் பயன்படுத்தலாம்?
தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி போன்றவற்றில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்குக் கட்டணம் செலுத்தலாம். உடன்பிறந்தவர்களின் படிப்புக்கும் கொடுக்கலாம். ரொக்கமாக எடுக்க முடியாது.

எவ்வளவு காலம்?
30 வயது வரை. அதன்பின் மீதமிருப்பது மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்குப் போகும்.

அப்படியானால், திரும்பிப் படிப்பது சுலபமா?
அப்படிச் சொல்லிவிட முடியாது. கட்டணத்துக்கு வழி இருக்கு. ஆனால் வேலையை விட்டால் மாதச் சம்பளம் நின்றுபோகும். வீட்டுக்குப் பணம் கொடுக்கும் பிள்ளைக்கு அதுதான் பெரிய தடை. அந்தச் சம்பளத்தை இந்தக் கணக்கு ஈடுசெய்யாது. அதனால் வேலையோடு படிக்கப் பகுதிநேர வகுப்பு, முழுநேரம் படிக்கக் குடும்ப வருமானத்தைப் பொறுத்த உதவிநிதி, இரண்டையும் சேர்த்தே விசாரியுங்கள்.