கார்பன் பிரேக்கும் காற்றின் ஈரமும்

விமானச் சக்கரத்துக்குள் கார்பன் டிஸ்க் நுழைந்த கதையை எழுதுபவர்கள் பெரும்பாலும் எடையில் தொடங்கி எடையிலேயே முடித்துவிடுகிறார்கள். எஃகைவிட இலேசு, ஆகவே வென்றது என்பதோடு சரி. அது பொய்யில்லை. ஆனால் உராய்வதையே வேலையாகக் கொண்ட ஒரு பாகத்துக்கு இந்தப் பொருள் வந்ததே உராய்வுக்காக அல்ல, வெப்பத்துக்காக. கார்பன் இழையைக் கார்பனாலேயே பிணைத்த இந்தக் கூட்டுப்பொருள் 1958இல் அமெரிக்காவின் சான்ஸ் வாட் விமான நிறுவனத்தில் ஒரு சோதனை தவறிப்போனதில் பிறந்தது. எரிந்து தீர வேண்டிய பிசின், காற்று போதாமல் கரியாகி இழைகளோடு ஒட்டிக்கொண்டது. ராக்கெட் முனைகளும் விண்கலங்களின் வெப்பக் கவசங்களும்தான் அதன் முதல் வாடிக்கையாளர்கள். உராய்வு எப்படி, தேய்மானம் எப்படி என்ற கேள்விகளுக்கு முழு விடை பின்னால்தான், அதுவும் ஓடுபாதையில், கிடைத்தது.

வெப்பத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதற்கு கான்கார்டு பயணிகள் விமானத்தைப் பார்த்தாலே போதும். 185 டன் எடையோடு மணிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வேகத்தில் மேலெழுந்த அந்த விமானம் கடைசி நொடியில் புறப்பாட்டைக் கைவிட நேர்ந்தால், அத்தனை இயக்க ஆற்றலும் சில நொடிகளில் சக்கரங்களுக்குள் இருக்கும் டிஸ்க் அடுக்குகளில் வெப்பமாக இறங்க வேண்டியிருந்தது. பிரேக் என்பது இங்கே வெப்பத்தைப் போட்டுவைக்கும் கிடங்கு. அந்த வெப்பத்தில் எஃகு வளையும், உருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும். அமெரிக்க விமானப்படையின் சி-5 சரக்கு விமானத்துக்கு முதலில் பெரிலியம் டிஸ்க்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். இலேசான உலோகம், வெப்பத்தையும் நன்றாக வாங்கும். ஆனால் அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு. தேய்ந்து தூளாவதே பிழைப்பான ஒரு பாகத்துக்கு இதைவிடப் பொருந்தாத உலோகம் கிடைப்பது கடினம். கார்பனோ ஒரு கிலோவுக்கு எஃகைப்போல இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தை வாங்குகிறது. ஆயிரம் டிகிரியிலும் வலு குன்றுவதில்லை. டன்லப் செய்த கார்பன் பிரேக்குகளோடு கான்கார்டு 1976 ஜனவரியில் பயணிகள் சேவைக்கு வந்தது. எடையில் மிச்சமானது அரை டன்னுக்கு மேல். நூறு பேர் மட்டுமே ஏறிய விமானத்தில் அது சின்னத் தொகையில்லை.

கார்பன் வெப்பத்துக்கு அசையாதது என்றாலும், காற்றில் உள்ள ஈரத்துக்கு அது அசைந்துகொடுத்தது. உண்மையில் இது புதுச் சேதியே இல்லை. மிக்ஸி ரிப்பேர் கடையில் மாற்றித் தரும் கார்பன் பிரஷ்ஷின் பெரிய உறவுகள் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் ஜெனரேட்டர்களில் இருந்தன. தரையில் நீண்ட காலம் உழைத்த அந்தப் பிரஷ்கள், உயரே போனதும் சில மணி நேரத்தில் தூளாகிப்போயின. ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த ராபர்ட் சாவேஜ் 1948இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கியது: கிராஃபைட் வழுக்குவது தன் இயல்பால் மட்டுமல்ல, பரப்பில் ஒட்டியிருக்கும் நீராவியாலும்தான். உயரத்தின் வறண்ட காற்றில் அந்த நீர் இல்லை. கரி கரியையே அரைத்துக்கொள்கிறது. பிரேக் டிஸ்க்கில் நடப்பதும் இதுவே. இரவெல்லாம் ஈரக்காற்றில் நின்ற விமானம் காலையில் நகரும்போது முதல் மிதியில் பிரேக் சரியாகப் பிடிக்காது. டிஸ்க் 150, 200 டிகிரியை நெருங்கும்போது ஈரம் விட்டுப்போய் உராய்வு சட்டென்று ஏறுகிறது, தூளும் கொட்டுகிறது. இன்னும் சூடேறினால் அந்தத் தூளே பரப்பில் மெல்லிய படலமாக அமுங்கி, தேய்மானத்தை மட்டுப்படுத்துகிறது.

கார்பன் டிஸ்க் எஃகைவிட அதிக தரையிறக்கங்களுக்கு உழைக்கிறதே, அப்படியிருக்கத் தேய்மானத்தை ஒரு குறையாகப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆயுள் எங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். எஃகு பிரேக் வாங்கும் ஆற்றலுக்கு ஏற்பத் தேயும். பெரிய நிறுத்தம் என்றால் பெரிய தேய்மானம். கார்பனின் கணக்கில் எத்தனை தடவை மிதித்தோம் என்பதுதான் முக்கியம். ஆகவே தரையிறங்கும்போது வரும் பேராற்றலைவிட, வாசலுக்கு ஊர்ந்து போகையில் தொட்டுத் தொட்டு மிதிக்கும் சில்லறை மிதிகளே டிஸ்க்கைத் தின்கின்றன. போயிங் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன ஆலோசனையும் இதையொட்டியதே: குறைந்த தடவை, அழுத்தமாக மிதியுங்கள். எஃகு காலத்தில் பழகிய கால்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். பொருள் மாறியதில் விமானியின் பழக்கமும் மாற வேண்டியதாயிற்று என்பதை எடைக்கதை சொல்வதில்லை.

விமானத்துக்கு வெளியே, ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் 1976இல் பிரபாம் அணி கார்பன் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தது. அங்கே சிக்கல் வேறு முனையில். டிஸ்க் சிவந்து எரியும் சூட்டில் காற்றின் ஆக்சிஜனே கரியைத் தின்றுவிடும். பந்தயக் காருக்கு ஒரு பந்தயம் தாங்கினால் போதும் என்பதால் அது பெரிய கவலையாகவில்லை. விமானத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 1990களில் குளிர்நாட்டு விமான நிலையங்கள் ஓடுபாதைப் பனியை உருக்க யூரியாவை விட்டு, நீர்நிலைகளை அவ்வளவாகக் கெடுக்காத பொட்டாசியம் அசிடேட், ஃபார்மேட் உப்புகளுக்கு மாறின. சூழலுக்கு நல்ல முடிவுதான். ஆனால் பொட்டாசியம் கார்பன் எரிவதைத் தூண்டிவிடும் வினையூக்கி. இயல்பாகத் தாங்கும் சூட்டிலேயே டிஸ்க் உள்ளுக்குள் மெலியத் தொடங்கியது. பாஸ்பேட் பூச்சு இதைத் தடுக்கும் என்றாலும் உராயும் முகங்களில் அதைப் பூச முடியாது. மற்றப் பரப்புகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. தேய்மானத்தைக் காட்டும் ஊசி டிஸ்க் அடுக்கின் தடிமனை மட்டுமே அளக்கிறது. தடிமன் குறையாமலே வலுவிழந்த டிஸ்க்கை அது கண்டுபிடிக்காது என்பதால், ஒவ்வொரு முறை சக்கரத்தைக் கழற்றும்போதும் பராமரிப்பாளர் கண்ணாலும் கையாலும் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.