மருத்துவ ஆசான்களும் அவர்தம் மாணாக்கரும்

மருத்துவ விஞ்ஞானம் கற்க விரும்பும் ஓர் இளைஞனுக்கு நூல் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், இவ்விரண்டுக்கும் மேலாக, தனக்கு முன்னே அவ்வழியிற் சென்ற ஒருவர் அருகிலிருந்து வழிகாட்டல் வேண்டும். முதலிரண்டைப் பற்றியே நாம் பெரிதும் பேசுகின்றோம். மூன்றாவதனைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆயினும் நம் நாட்டில் மேலை மருத்துவம் வேரூன்றிய வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வேருக்கு நீர் வார்த்தவர்கள் இந்த மூன்றாவது வகையினரே என்பது புலனாகும்.

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1822ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர், தமது இருபத்தைந்தாம் வயதில், 1847இல், அமெரிக்க மிஷனைச் சார்ந்தவராய் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் தங்கி, அடுத்த ஆண்டிலே மானிப்பாய்க்குச் சென்று அங்கு மருத்துவமனையொன்றை நிறுவினார். நோயாளர் திரள் திரளாக வந்தனர். ஒருவர் கை கொண்டு அத்தனை பேரையும் பார்த்தல் இயலாதென்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். எனவே 1848 முதற்கொண்டே உள்ளூர் இளைஞர் சிலரைத் தெரிந்தெடுத்து, தம்முடன் வைத்துக் கற்பிக்கலானார். கொழும்பிலே மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது 1870இல் என்பதை நேயர்கள் நினைவிற்கொள்க. தலைநகருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னதாகவே ஒரு கிராமத்தில் அப்பணி தொடங்கிவிட்டது!

அவர் கற்பித்த முறை கவனித்தற்குரியது. மாணாக்கர் காலையில் நோயாளரின் படுக்கையருகே ஆசிரியருடன் நின்றனர், மருந்து கலக்கினர், கட்டுப் போட்டனர், சத்திர சிகிச்சையின்போது கைகொடுத்தனர். பின்னர் வகுப்பிலமர்ந்து பாடங்கேட்டனர். யாழ்ப்பாண நகரிலே 1850இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் எழுந்த மருத்துவமனைக்கும் கிறீனே வைத்தியராய் அமைந்தார். இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக விளங்குவது அதன் வழிவந்ததே.

1857இல் தாய்நாடு சென்று 1862இல் மீண்டும் வந்த கிறீன், ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். அதுகாறும் ஆங்கிலத்திற் கற்றுத் தேறிய மாணாக்கரிற் பலர், அரசாங்க உத்தியோகத்தையும் அதன் சம்பளத்தையும் நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. குடும்பம் உடையார்க்குச் சம்பளம் வேண்டாமோ? ஆயின் கிராமத்து நோயாளியின் கதி யாது? தமிழிற் கற்றவன் தமிழ்க் கிராமத்திலேயே இருப்பான் எனக் கருதிய கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவங் கற்பிக்கத் தலைப்பட்டார். தம் மாணாக்கர் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து துரைமாராக மாறுவதையும் அவர் விரும்பினாரல்லர்.

தமிழிற் கற்பிக்க நூலில்லை. நூலை ஆக்கினார். சத்திர சிகிச்சை பற்றிய இரணவைத்தியம் 1867இல் வந்தது. கிறே என்பாரின் உடற்கூற்று நூல் இலண்டனில் 1858இல் வெளிவந்தது. அதன் தமிழாக்கமாகிய மனுஷ அங்காதிபாதம் 1872இல், அதாவது பதினான்கே ஆண்டுகளில், தமிழ் மாணவர் கையிற் கிடைத்தது. 1875இல் கெமிஸ்தம் வெளியாயிற்று. இரசாயனம் என்னும் சொல் நிலைபெறாத காலம் அது. பெயரைக் கேட்டு இன்று சிரிப்பவர், அவர் தோளில் ஏறி நின்றே சிரிக்கின்றனர்.

இந்நூல்களைக் கிறீன் தனியே எழுதிவிடவில்லை. சப்மன் வைத்திலிங்கம், டான்போர்த், போல் முதலான அவருடைய மாணாக்கர்களே மொழிபெயர்ப்பிலும் திருத்தத்திலும் உடனுழைத்தனர். மாணாக்கனை நூலாசிரியனாக்கிய ஆசிரியர் அவர். என் நோக்கில், அவர் செய்த சத்திர சிகிச்சைகள் அனைத்திலும் மேலானது இதுவே. உடல் நலிந்து 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் இப்பணி நிற்கவில்லை. மனுஷ சுகரணம் என்னும் உடற்றொழிலியல் நூல் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே கிறீன் காலமானார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். தமிழ்வழி வகுப்போ அவர் சென்றபின் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒருவரையே தூணாகக் கொண்ட மண்டபத்தின் நிலை அது.

கிறீன் ஆக்க முனைந்த கலைச்சொற் பணியைப் பிற்காலத்தில் ஏற்று நடத்தியோருள் எங்கள் வாவிக்கரை மைந்தர் ஒருவரும் உளர். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானமும் கற்றவர். துறவு பூணுமுன் மானிப்பாய் இந்துக் கல்லூரியிலேயே அதிபராயிருந்தவர். சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டின் தலைவராய் அவரே விளங்கினார். அம்முயற்சியின் பயனாய் 1938இல் வெளிவந்த தொகுதி, உடலியலுக்கும் சுகாதாரத்துக்கும் உரிய சொற்களையும் கொண்டிருந்தது.

இனி, ஒரு குறையைச் சொல்லாது விடல் நேர்மையன்று. கிறீனுடைய வகுப்பிலே அமர்ந்தோர் ஆடவரே. மகப்பேற்று மருத்துவம் பற்றி அவர் தமிழில் நூல் தந்தார். அதனை வகுப்பிற் கற்கப் பெண்ணுக்கு இடமிருக்கவில்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது 1892இலேதான். அதன்பின் 1896இல் கனடாவிலிருந்து வந்த வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார், பெண்களின் நலத்துக்கெனப் பல்லாண்டு உழைத்து, 1958இல் மக்சாய்சாய் பரிசும் பெற்றார்.

கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததும் இதனோடு ஒத்ததே. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912இற் பட்டம் பெற்றார். தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரை அவர் மறந்தாரல்லர். அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவ நிலையம் 1954இற் பன்னிரண்டு படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அவருடைய புதல்வர் வைத்தியர் கிருஷ்ணமூர்த்தி அதனை நடத்தினார். மறுவருடமே சாந்தா என்னும் இளம் வைத்தியர் அரசாங்கப் பதவியை ஏற்காது அங்கு வந்து சேர்ந்தார். உற்றாரும் ஆசிரியரும் வியந்தனர், சிலர் வருந்தினர். ஆயினும் அம்மையாரிடமும் கிருஷ்ணமூர்த்தியிடமும் தொழில் பழகிய அவர், பின்னாளில் அந்நிலையத்தின் தலைமையை ஏற்று, 2021 ஜனவரியில் மறையும்வரை அதனுள்ளேயே வாழ்ந்தார். ஆசிரியர் ஆடவரோ பெண்டிரோ என்பது அங்கே பொருளாகவில்லை. கற்றவர் கற்பித்தார், கற்பிக்கப்பட்டவர் மீண்டும் கற்பித்தார்.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்தமைக்கு ஒரு காரணமுண்டு. அதனையுஞ் சொல்லிவிடுகின்றேன்.

படுவான்கரையிலிருந்து என் பாடசாலைக்கு வந்து உயிரியற் பிரிவிலே உயர்தரம் பயின்றாள் ஒரு மாணவி. அவளுடைய தாயார் படித்த காலத்தில் மண்முனைத் துறையிற் பாதையேறியே வாவியைக் கடந்தனர். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டதால் மகளுக்கு அந்த அலைச்சல் இல்லை. பரீட்சையில் நன்றாகவே தேறினாள். ஆனால் மருத்துவ பீடத்துக்குரிய வெட்டுப்புள்ளிக்குச் சிறிது குறைந்துவிட்டது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புமுன் என்னிடம் வந்து, “சேர், மருத்துவம் கிடைக்காவிட்டால் வேறென்ன எழுதலாம்?” என்று வினவினாள். நான் கலைப்பட்டதாரி, சரித்திரம் படிப்பித்தவன். “தெரிந்ததை எழுது பிள்ளை” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என ஒரு பட்டப்படிப்பு யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் உண்டென்பதை அவளும் அறியாள், நானும் அறியேன். குருதியையும் கிருமியையும் ஆராய்ந்து நோயைக் கண்டறியும் அத்துறை, அவளுடைய ஆற்றலுக்கு மிகப் பொருந்தியது. அவள் அதனை எழுதவில்லை. தவணை கடந்தபின்னரே வேறொருவர் வாயிலாக நான் அதனை அறிந்தேன். அந்தத் தவறு அவளுடையதன்று.

மருத்துவராக முடியாத மாணவன் உயிரியலுக்கே விடை கொடுத்துவிட வேண்டும் என்னும் எண்ணம் எங்கள் ஊர்களில் ஆழமாகப் பதிந்துள்ளது. தாதியர் கல்வி, மருந்தகவியல், கதிர்ப்படவியல் என வழிகள் பல. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் வந்தாறுமூலையிலே கல்லூரியாகத் தொடங்கி, 1986இற் பல்கலைக்கழகமாகி, இன்று சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்தையும் உடையதாயிருக்கின்றது. நிறுவனம் அருகில் வந்துவிட்டது. அதன் வாயிலை எவ்வாறு தட்டுவதென்று சொல்ல வீட்டிலும் ஆளில்லை; பாடசாலையிலும் ஆளில்லை.

அதனால், எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் இருவரை அழைத்துக் கேட்டுக்கொண்டேன். ஒருவர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். மற்றவர் தாதி உத்தியோகத்தர், ஆடவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் அவர்கள் வந்து உயர்தர மாணவருடன் உரையாடுகின்றனர். வந்த முதல் நாளில், அந்தத் தாதி உத்தியோகத்தரை நோக்கி ஒரு பையன், “ஆம்பிளையளும் இந்த வேலைக்குப் போகலாமா?” என்று கேட்க, வகுப்பே நகைத்தது. அவரும் உடன் நகைத்து, முக்கால் மணி நேரம் பொறுமையாக விடை கூறினார். அன்று அந்த மாணவியும் தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தாள். தங்கையைவிட அவளே அதிகம் வினாக்கள் கேட்டாள்.