பஞ்சி என்று சொன்னது நாங்கள்தான்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

காய்ச்சல் மாறி ஆறு மாதம். மாடி ஏறி வகுப்புக்கு வந்தால் அந்தப் பிள்ளை மேசையில் தலை சாய்த்துவிடும். ஆசிரியர் அறையில் நாங்கள் "பஞ்சி" என்று கதையை முடித்துவிட்டோம். உம்மா கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரியில் விட்டமின் ஊசி, வெள்ளவத்தையில் ஸ்பெஷலிஸ்ட், ஓதின தண்ணீர் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் எங்களிடம் வந்து கேட்டார்: "டீச்சர், ரிப்போட் எல்லாம் நல்லமாம். அப்ப இவ பொய்யா சொல்ற?"

இதே கேள்வி 1955 ஜூலையில் லண்டன் ரோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியிலும் எழுந்தது. சில மாதங்களில் 292 ஊழியர்கள் விழுந்தார்கள். தசை பலவீனம், சிறு வேலைக்கே தாங்க முடியாத களைப்பு. ஆஸ்பத்திரியையே மூட வேண்டி வந்தது. 1970இல் மக்எவெடி, பியர்ட் என்ற இரண்டு மனநல வைத்தியர்கள், ஒரு நோயாளியையும் நேரில் பார்க்காமல் பழைய கோப்புகளைப் புரட்டி, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, நோயாளிகளில் அதிகமானோர் பெண்கள் என்பது! அந்த நோயாளிகளைக் கையால் தொட்டுப் பார்த்த மெல்வின் ராம்சே கடைசிவரை இதை ஏற்கவில்லை.

அந்த எழுத்தின் நிழல் சிகிச்சையிலும் விழுந்தது. உடம்பில் பெரிய கோளாறு இல்லை, பயந்து படுத்திருக்கிறார்கள், ஆகவே படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டு என்றார்கள். செய்தபின் வாரக்கணக்கில் எழும்ப முடியவில்லை என்று நோயாளிகள் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2011இல் 641 பேரை வைத்துச் செய்த பேஸ் என்ற ஆய்வு, பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் குணமானதாகப் பிறகு அறிவித்தது. அலெம் மத்தீஸ் என்ற அவுஸ்திரேலிய நோயாளி தரவைக் கேட்டுப் போராடினார். 2016இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. ஆய்வாளர்கள் முதலில் தாங்களே வகுத்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அந்த 22 ஒற்றை இலக்கமாகச் சுருங்கியது. 2021இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் அந்தப் பயிற்சி முறையைக் கைவிட்டது.

வெள்ளைக்காரர் நோய் என்று நினைக்க வேண்டாம். கொழும்பு மாவட்டத்து இரட்டையர்களிடையே நடந்த ஆய்விலும் அசாதாரண களைப்பு பதிவாகியிருக்கிறது. பேராசிரியர் அதுல சுமதிபால குழுவினர் 2008இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எங்களுக்கு அதைவிட முக்கியம். காரணம் பிடிபடாத உபாதைகளோடு திரும்பத் திரும்ப வைத்தியரிடம் வந்த 150 இலங்கையர். எல்லாருக்கும் இந்த நோய்தான் என்றில்லை. பாதிப்பேருக்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை. மற்றவர்களை வைத்தியர் ஒழுங்கான சந்திப்புகளில் கவனித்தார், அவ்வளவுதான். இரு பக்கத்திலும் உபாதைகள் குறைந்தன, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. எங்கள் ஓ.பி.டி. வரிசையில் ஒருவருக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள்.

உம்மாவுக்கு "இல்லை, அவ பொய் சொல்லல்ல" என்று சொன்னோம், பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டோம். இந்தத் தவணை அந்த வகுப்பு கீழ்மாடியில் நடக்கிறது.