வால்வு கட்டுப்பாட்டு மின்சுற்றுப் பழுதறிதலின் வரலாறு

எஞ்சின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் சோலினாய்டுக்கும் எஞ்சின் கணினிக்கும் இடையிலான மின் இணைப்பில் ஏற்படும் கோளாறே வால்வு கட்டுப்பாட்டு மின்சுற்றுப் பழுது எனப்படுகிறது. இன்றைய கார்கள் இதைத் தாமே கண்டறிந்து, பி0010 போன்ற குறியீடாகச் சேமித்து, எஞ்சின் விளக்கை எரியவிடுகின்றன. இந்த ஏற்பாடு மெக்கானிக்குகளின் வசதிக்காகப் பிறந்ததன்று. அதன் தொடக்கம் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தில் இருக்கிறது.

கார் புகையிலுள்ள வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதே அந்தப் புகைமூட்டத்துக்குக் காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். 1967இல் உருவான கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. விதிகள் இறுகியபோது கார்புரேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. உணரிகளும் கணினியும் எஞ்சினுக்குள் நுழைந்தன.

1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், பழுதறியும் இணைப்பின் இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தால் விளக்கு கண்சிமிட்டும். ஒருமுறை சிமிட்டி, சற்று நிறுத்தி, இருமுறை சிமிட்டினால் அது குறியீடு 12. கம்பித்துண்டும் கைவிரல் எண்ணிக்கையும் போதும்! ஆனால் அடுத்த நிறுவனத்தின் காரில் இணைப்பும் வேறு, குறியீடும் வேறு. 1988 மாடல் முதல் காரே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் எனக் கலிபோர்னியா விதித்தும் இந்தக் குழப்பம் தீரவில்லை. சிறிய பட்டறைகள்தான் இதில் அதிகம் திணறின. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கெல்லாம் ஓபிடி-2 கட்டாயமாகி, 16 முனை இணைப்பும் பொதுவான குறியீடுகளும் வந்தன.

இதே காலத்தில் வால்வுகளும் மாறின. 1980இல் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் காரில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு வந்தது. 1989இல் ஹோண்டா விடெக் எஞ்சினை வெளியிட்டது. எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தைச் சோலினாய்டு வால்வு திருப்பிவிட, கேம்ஷாஃப்டின் கோணம் மாறும் முறை 1990களில் பரவியது. அதற்கும் குறியீடுகள் தேவைப்பட்டன.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பி0010 என்பது மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. சோலினாய்டு கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. கணினிக்குத் தெரிவது, தான் எதிர்பார்த்த மின்னழுத்தம் வரவில்லை என்பதே. சுருள் அறுந்திருக்கலாம், கனெக்டரில் ஆயில் இறங்கியிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். குறியீட்டைப் பார்த்ததும் வால்வை மாற்றி, பணம் செலவான பிறகும் விளக்கு எரிவதைப் பார்ப்பவர்கள் உண்டு. முதலில் கனெக்டரைக் கழற்றிச் சுருளின் மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பல டொயோட்டா எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் அது ஏறத்தாழ 7 ஓம். சுருள் சரியாக இருந்தால் வயரையும் மின்வரத்தையும் பார்க்க வேண்டும். கணினியைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

பக்கத்துக் குறியீடான பி0011 வேறு கதை. அதில் கேம்ஷாஃப்ட் கட்டளையை மீறி முன்னே நிற்கிறது; ஆயிலின் அளவையும் அழுக்கையும் முதலில் பார்க்க வேண்டும்.