மரச்சட்ட வீடு: புதுப்பள்ளியிலிருந்து முட்டுக்காட்டுக்கு

மரச்சட்ட வீட்டில் சுவருக்குப் பாரமில்லை. கூரையின் எடை முழுவதையும் மரத்தூண்களும் அவற்றின் தலைமேல் ஓடும் உத்தரங்களும் வாங்கிக்கொள்கின்றன. இடையில் நிற்கும் பலகையோ மண்தட்டியோ வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு, அவ்வளவுதான். அதைப் பெயர்த்து எடுத்தாலும் வீடு நிற்கும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் போகிறவர்கள் இதே முறையை இரும்பில் பார்க்கிறார்கள். ஆலைக் கொட்டகை கட்டும்போது முதலில் எழுவது எலும்புக்கூடு போன்ற இரும்புச் சட்டம். தகடு அடிப்பது கடைசி வேலை. போல்ட்டைக் கழற்றினால் கொட்டகையை லாரியில் ஏற்றி வேறு இடத்தில் நிறுத்திவிடலாம். தொண்டை மண்டலத்துப் பழைய ஓட்டு வீடுகளுக்கு இந்த வசதி பாதிதான் உண்டு. திண்ணையிலும் முற்றத்தைச் சுற்றியும் மரத்தூண் இருக்கும். மற்ற இடங்களில் மண்சுவரோ செங்கல் சுவரோதான் கூரையைச் சுமக்கும். அதை இடிக்கலாம், கழற்ற முடியாது.

கழற்றி மாட்டிய முழு மரவீட்டைப் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே 1996 டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், தென்னிந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. வளாகத்தின் அமைப்பு கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. பணியைத் தொடர்ந்தவர் கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ். இங்குள்ள கேரள வீடுகளில் ஒன்று, கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளியில் 1850இல் கட்டப்பட்ட சிரியன் கிறிஸ்தவக் குடும்ப வீடு. கேரள முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டியின் ஊர் என்று சொன்னால் பலருக்குப் புதுப்பள்ளி நினைவுக்கு வரும்.

இந்த வீட்டின் வாசலை ஒட்டியே நெல்லறை இருக்கிறது. விருந்தாளி முதலில் பார்ப்பது வீட்டுக்காரர் முகத்தையா, அவர் நெல்லையா என்று கேட்கத் தோன்றும். நெல்லும் மிளகுமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு அதுவே மதிப்பு. மலையாளத்தில் நெல்லறைக்கு ‘அற’ என்றும், வரிசையாகப் பலகை கோத்த சுவருக்கு ‘நிர’ என்றும் பெயர். தமிழ் வாசகருக்கு இரண்டும் அந்நியமல்ல: அறை, நிரை. ‘அறயும் நிரயும்’ உள்ள வீடு என்றாலே மத்தியத் திருவிதாங்கூரில் மரத்தால் ஆன வீடு என்று பொருள். அறை தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் பெரிய மரப்பெட்டி. நெல்லுக்கு ஈரம் எட்டக் கூடாது என்பதால் இந்த உயரம்; அடியில் பண்டபாத்திரம் வைக்க நிலவறை விடுவதும் உண்டு. இத்தகைய அறைகளின் வாயிலில் குறுக்குப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காடியில் இறக்கியிருப்பார்கள். நெல் இறங்க இறங்க மேலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டியதுதான். எண் போட்ட பலகைகளை வரிசையாகச் செருகிக் கடை அடைத்த பழைய மளிகைக்காரர்களை அறிந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்.

கூரைதான் தச்சனின் திறமை தெரியும் இடம். கைமரங்கள் உத்தரத்திலிருந்து மோட்டுவளைக்குச் சரிந்து ஏறுகின்றன. அவை விலகாதபடி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஒரு வளைச்சட்டம் குறுக்கே ஓடுகிறது. இணைப்புகளில் இரும்பாணிக்குப் பதில் துளையும் கழுந்தும் மர ஆணியும். கேரளத் தச்சர்களின் அளவு கோல். ஒரு கோல் 24 விரல், ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். அடிக்கடி பெய்யும் பெருமழை வழிந்தோட வேண்டும் என்பதால் கூரைச் சரிவு செங்குத்தாக இருக்கும், இறவாரம் தாழ்ந்து வரும். மேலே ஓலை வேய்வதே நெடுங்கால வழக்கம். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு சிவப்பு ஓடு பரவியது.

எல்லா மரமும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. திருவிதாங்கூரில் தேக்கும் ஈட்டியும் கருங்காலியும் சந்தனமும் அரசு மரங்கள். சொந்தத் தோட்டத்தில் வளர்ந்தாலும் உரிமை மன்னருக்கு. குடியானவனுக்குத் தாராளமாகக் கைகொடுத்தவை பலாவும் அயினியும். ஆனால் பலாமரம் ஒன்றும் இளப்பமானதல்ல. இன்று தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் மிகப் பழைய பகுதி, 1550ஆம் ஆண்டையொட்டிய தாய்க் கொட்டாரம். அங்கே செதுக்கு வேலைக்குப் பேர்போன தூண் பலாமரம்தான்.

கிடைத்த மரத்தைக் கொண்டு சட்டம் நிறுத்தும் இதே கணக்கை இங்கிலாந்தின் விவசாயிகளும் போட்டிருக்கிறார்கள். கென்ட் பகுதியின் சிடிங்ஸ்டன் ஊரிலிருந்த பேலீஃப் வீடு 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓக் மரத்தால் கட்டப்பட்டது. நடுவில் கூரை வரை திறந்த கூடம், அதன் தரையில் அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியே வெளியேறும். சன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மரக்கம்பிகளும் அடைப்புப் பலகையும்தான். தூண்களுக்கு இடையே படல் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பினார்கள். நம்மூர் ஆசாரி கேட்டால் சிரிக்கக்கூடிய ஒரு செய்தியும் உண்டு: அவர்கள் மரத்தை உலர வைக்காமல் பச்சையாகவே இழைத்தார்கள். பச்சை ஓக்கை அறுப்பது எளிது. காயக் காயச் சுருங்கி மூட்டு இறுகிவிடும். அதனால்தான் அங்குள்ள பழைய வீடுகளில் தூண்கள் முறுக்கிக்கொண்டும் உத்தரங்கள் தொய்ந்தும் தெரிகின்றன.

அந்நாட்டுத் தச்சர்கள் சட்டத்தைப் பட்டறையில் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண் கொத்திப் பிரித்து, கட்டுமிடத்தில் மறுபடி கோப்பார்கள். ஆக, பிறக்கும்போதே கழற்றப்பட்ட வீடு அது. 1960களின் இறுதியில் பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக இடம் தேவைப்பட்டபோது பேலீஃபைப் பிரித்தார்கள். சசெக்ஸின் சிங்கிள்டனில், ராய் ஆம்ஸ்ட்ராங் முயற்சியால் உருவான திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அது மீண்டும் எழுந்தது. சுவீடனின் ஸ்கான்சென் அருங்காட்சியகம் 1891இல் காட்டிய வழி இது. தட்சிணசித்ராவும் அதே குடும்பம்.

வீட்டோடு மண் கூட வருவதில்லை. புதுப்பள்ளியின் செம்மண்ணும் ரப்பர்த் தோட்டமும் போய், முட்டுக்காட்டில் இந்த மரங்கள் உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. நெல்லறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி வீட்டைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே நின்று தலையை நிமிர்த்திக் கைமரங்களைத் துளைத்து ஓடும் அந்த வளையைத் தேட வேண்டும். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.