தூள் பொறியியல்

மாவு, சிமெண்ட், நிலக்கரித் தூள், சர்க்கரை, மருந்துப் பொடி போன்ற நுண்துகள் திரள்களைச் சேமிக்கவும் கொட்டவும் கலக்கவும் கொண்டுசெல்லவும் வழி காணும் துறை தூள் பொறியியல். தூள் திடப்பொருளாகக் குவிந்து நிற்கும். சாய்த்தால் நீர்மமாக வழியும். காற்றில் கிளம்பினால் புகையாகப் பரவும். படியைத் தட்டி அளந்தால் கூடுதல் அரிசி பிடிக்கிறது. அதாவது, துகள் திரளின் அடர்த்திகூட நிலையாக இருப்பதில்லை. தண்ணீருக்கோ எஃகுக்கோ எழுதிய சமன்பாடுகளை வைத்து இதைக் கணக்கிட முடியாது.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலோம். சுவரின் மேல் மண் தரும் அழுத்தத்தைத் துகள்களின் உராய்வைக் கொண்டு கணக்கிட்ட அவரது ஆய்வுரை 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. பிறகு சைலோக்கள் எனப்படும் உயரமான தானியக் கொள்கலன்கள் எழுந்தபோது புதிய கேள்விகள் பிறந்தன. ஜெர்மனியின் பிரெமன் நகரப் பொறியாளர் யான்சன், மாதிரிச் சைலோக்களில் தானியம் நிரப்பி அளந்து, 1895இல் முடிவை வெளியிட்டார். தண்ணீரில் ஆழம் கூடக்கூட அடிப்பக்க அழுத்தமும் கூடிக்கொண்டே போகும். தானியத்திலோ ஓர் ஆழத்துக்குமேல் அது ஏறவில்லை. மிச்ச எடையைச் சுவர் தன் உராய்வால் தாங்கிக்கொண்டது. நீர்த்தொட்டியை மனத்தில் வைத்துச் சைலோ கட்டுபவர் சுவர் சுமக்கும் இந்த எடையை விட்டுவிடுவார். மெல்லிய எஃகுச் சுவர் மடிந்துபோகும். யான்சனின் சூத்திரம் இன்றும் வடிவமைப்பில் பயன்படுகிறது.

சேமிப்பதைவிடச் சிக்கலானது வெளியே எடுப்பது. சைலோவின் அடியில் குறுகி வரும் ஹாப்பரின் வாய்க்குமேல் தூள் வளைவாகக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். அல்லது நடுவில் மட்டும் ஓட்டை விழுந்து, ஓரத்திலுள்ள சரக்கு தேங்கிக் கெடும். சுத்தியலால் தட்டுவதும் கம்பியால் குத்துவதும்தான் பல ஆலைகளில் வைத்தியம். உள்ளே இறங்கியவர்கள் சரிந்த குவியலில் புதைந்து மாண்டதுண்டு. தூளை வெளியே எடுப்பதை அளந்து கணக்கிடக்கூடிய அறிவியலாக்கியவர், போலந்தில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஆண்ட்ரூ ஜெனிகே. தூளின் ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கை நகர்த்தத் தேவைப்படும் விசையை அளக்கும் கருவியை அவர் உருவாக்கினார். அந்த அளவிலிருந்து ஹாப்பரின் சரிவும் வாயின் அகலமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடும் முறையை 1961, 1964 ஆண்டுகளின் அறிக்கைகளில் தந்தார். இத்துறையின் திருப்புமுனை இதுவே எனலாம்.

துகள் சிறுக்கச் சிறுக்க அதன் இயல்பே மாறுகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரான் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6 சதுர மீட்டர், அதாவது 10,000 மடங்கு. எடையைவிட ஒட்டும் விசை ஓங்கிவிடுவதால் நுண்தூள் கட்டிகட்டும். எரியும் பொருளானால் ஆபத்து இன்னும் பெரிது. காற்றில் மிதக்கும் மாவுத்தூளில் ஒரு பொறி பட்டால் நெருப்பு நொடியில் பரவும்; மூடிய கட்டடத்தில் அது வெடிப்பாகும். 1785இல் இத்தாலியின் தூரின் நகர மாவுக் கிடங்கில் நேர்ந்த வெடிப்பு ஆவணப்படுத்தப்பட்ட முதல் நிகழ்வுகளில் ஒன்று. 1878 மே 2 அன்று மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தனர். இவ்வளவும் தெரிந்த பின்னரும், 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சர்க்கரை ஆலை ஒன்றில் தேங்கிய தூள் வெடித்து 14 பேர் பலியானார்கள்.

வட அமெரிக்க ஆலைகளை ஆராய்ந்து அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் மெரோ 1985இல் வெளியிட்ட முடிவு பொறியாளர்களை உலுக்கியது. திடத் துகள்களைக் கையாளும் ஆலைகள், நீர்மமும் வாயுவும் மட்டுமே கையாளும் ஆலைகளைவிட மிகவும் பின்தங்கி, திட்டமிட்ட உற்பத்தித் திறனில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியே எட்டியிருந்தன. படித்த பொறியாளர்கள் கட்டிய ஆலைகளே அவை. அவர்கள் திரவ ஓட்டத்தை விரிவாகப் படித்த அளவுக்குத் தூளைப் படித்திருக்கவில்லை.

இந்தியாவில் வேதிப்பொறியியல் மாணவர்களுக்கு அரைத்தல், சலித்தல், வடிகட்டல் ஆகியவை ‘மெக்கானிக்கல் ஆபரேஷன்ஸ்’ என்ற பாடத்தில் வருகின்றன. சைலோவையும் ஹாப்பரையும் வரைந்து கட்டப்போகும் இயந்திரவியல், கட்டடவியல் மாணவர்களுக்கும் ஜெனிகேயின் முறையையும் தூள் வெடிப்புத் தடுப்பையும் கட்டாயம் கற்பிக்க வேண்டும்.