மின்னோட்டம், மூச்சு, மொழி: சித்தூரிலிருந்து ஒரு குறிப்பு

தமிழில் பக்கவாதம், தெலுங்கில் பட்சவாதம். இரு பெயர்களும் செயலிழந்த உடற்பக்கத்தையே சுட்டுகின்றன. பழுதுற்ற மூளையை அல்ல. சிகிச்சையும் நெடுங்காலம் பெயரின் வழியே சென்றது: கைகால்களுக்கு எண்ணெய், ஒற்றடம், பிடித்துவிடல்.

1870இல் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் செலுத்தி, எதிர்ப்பக்கத் தசைகளை அசைத்துக் காட்டினர். 1985இல் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர், மனிதரின் மண்டையோட்டைத் திறவாமலே காந்தப்புலத்தால் கையை அசைத்தனர். 2000இல் கோட்டிங்கன் நகரின் நிட்ஷ, பவுலஸ் இருவரும் தலைமேல் செலுத்திய 1 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டமே இயக்கப் புறணியின் கிளர்ச்சித்திறனை மாற்றுவதை நிறுவினர். இம்மெல்லிய மின்னோட்டம் தானாக எந்த நரம்பணுவையும் இயக்குவதில்லை. இயங்குவதற்கான வாசற்படியைச் சற்றுத் தாழ்த்துகிறது, அவ்வளவே. எந்த வழித்தடம் வலுப்பெற வேண்டும் என்பதை நோயாளி அவ்வேளையில் செய்யும் பயிற்சியே தீர்மானிக்கிறது. யோகம், தாய்ச்சி முதலான, மூச்சும் கவனமும் அசைவும் கூடிய பயிற்சிகளை மின்தூண்டலோடு இணைக்கும் எண்ணத்தின் வேர் இதுதான். சான்றுகள் இன்னும் மெலிந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மின்னோட்டத்திற்கு மொழி வேண்டியதில்லை. பயிற்சிக்கு வேண்டும். சித்தூரில் இது சிறிய செய்தியன்று. 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்த ஊர், 1953இல் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. 1960 எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழகம் வந்தபோதும் சித்தூர் அங்கேயே நின்றது. தெற்கே வேலூரில், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வளர்த்த மறுவாழ்வுத் துறை. வடக்கே திருப்பதியின் மருத்துவமனைகள். இங்குள்ள நோயாளி எத்திசையில் செல்கிறாரோ, அதற்கேற்பக் கட்டளையின் மொழியும் மாறக்கூடும்.

என் அத்தை வடக்கே சென்றார். வீட்டில் தமிழ், நாற்பதாண்டுகள் கடையில் தெலுங்கு. 'ஊபிரி பீல்ச்சண்டி' என்று பயிற்சியாளர் கனிவோடுதான் சொன்னார். அத்தை வெறித்துப் பார்த்தார். 'மூச்சை இழுங்க அத்தை' என்றதும் மார்பு உயர்ந்தது. பேச்சிழப்பில் முதலில் கற்ற மொழியே எஞ்சும் என்றார் ரிபோ (1881). மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்றார் பித்ர் (1895). இரண்டும் பொதுவிதியல்ல என்பதே இன்றைய மொழியியலார் கருத்து. பெரும்பாலோருக்கு இரு மொழிகளும் சேர்ந்தே மீள்கின்றன. அத்தைக்கு அப்படி நிகழவில்லை.

மின்தூண்டல் குறித்து நான் படித்த ஆய்வறிக்கைகளில் வயது, பழுதுற்ற பக்கம், மின்னளவு எல்லாம் இருந்தன. கட்டளை எம்மொழியில் தரப்பட்டது என்ற குறிப்பைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.